முதல் படியில் படுத்திருந்தவன்

சிபாரிசுச் சீட்டுகளை எதிர்த்து மாணவர் சங்கத்தினர் பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலக வாசலை அடைத்துப் படுத்திருந்தார்கள். "உள்ளே போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போகட்டும்" என்று அறிவித்த தலைவன் தமிழ்ப்பரிதி முதல் படியில் மல்லாந்து கிடந்தான். காலையிலிருந்து ஒருவருக்கும் மனசு வரவில்லை. படுத்திருக்கும் ஆளைத் தாண்ட யாருக்குத்தான் வரும்?

மதியம் அவன் தங்கை வெண்ணிலா வந்து நின்றாள். அவளுக்கான சீட்டை அமைச்சரின் உதவியாளரிடம் கெஞ்சி வாங்கியவன் அவன்தான். பின்வாசலுக்கு வரச் சொல்லியிருந்தான், அது பூட்டியிருந்தது.

"அண்ணா" என்றாள் மெதுவாக.

கண்ணை இறுக மூடிக்கொண்டு, "தாண்டிப் போ" என்று முணுமுணுத்தான்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தாண்டினாள். "வெட்கம்! வெட்கம்!" என்று தோழர்கள் கத்தினார்கள். அந்தப் பக்கம் போனவள் சட்டென்று நின்று, திரும்பி, அவனை மறுபடி தாண்டி வெளியே வந்தாள். தாண்டினால் திரும்பத் தாண்டிவிட வேண்டும், இல்லையென்றால் படுத்திருப்பவர் வளரமாட்டார்; சின்ன வயதிலிருந்து வீட்டில் அப்படித்தான். மனம் மாறிவிட்டாள் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

அவள் அவன் காதருகே குனிந்தாள். "நீ வாங்கிக் குடுத்த சீட்டாச்சே, இப்ப எப்படிண்ணா உள்ள போறது?"

அவன் கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்தவனின் கைதட்டல் மட்டும் நின்றுபோனது கேட்டது.