மகாராணியின் நெற்றி

போடி சபைக் கூட்டத்தில் மேசைக்குப் பின்னால் மூப்பர் சௌந்தரபாண்டியன் உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் செயலாளர் ஷீலா. எதிரே பாயில், அவளைப் போலவே புருவம்வரை முக்காடு இழுத்தபடி மாதர் சங்கத்துப் பெண்கள். முன்வரிசையில் மூப்பரின் மனைவி லில்லி. வாசலோரம் தனியாக மகாராணி, நெற்றியில் பொட்டோடு.

“ஞானஸ்நானம் வாங்கினவளுக்குப் பொட்டு எதுக்கு? அழிச்சிட்டு வா. இல்லாட்டி திருவிருந்துல அப்பமும் ரசமும் கிடையாது” என்றார் மூப்பர்.

“வீட்டுக்காரரு இன்னும் கோயிலுக்குப் போறவரு ஐயா. தெனமும் போடிமெட்டு மலை வளைவுல ஜீப்பு ஓட்டுறாரு. அவரு உசுரோட இருக்கையில பொட்டை அழிச்சா எங்க மாமியா தாங்குமா?”

“சட்டம்னா சட்டம்தான். ஷீலா, போதகருக்கு லெட்டர் எழுது. பொட்டு வைக்கிற எவளுக்கும் திருவிருந்து இல்லை.”

அவர் சொன்னபடியே ஷீலா எழுதினாள். “யார் யாருன்னு பேரு போடணுமே ஐயா.”

“இருக்கிறது ஒருத்திதானே. மகாராணின்னு போடு.”

“என் பேரையும் போடு ஷீலா” என்று லில்லி முக்காட்டை இறக்கினாள். நெற்றியில் வட்டமாகச் சிவப்புப் பொட்டு. பின்னாலிருந்த முக்காடுகளும் ஒவ்வொன்றாக இறங்கின. எல்லா நெற்றியிலும் பொட்டு.

மூப்பர் ஷீலா பக்கம் திரும்பினார். “லெட்டரைக் கிழிச்சிரு” என்றார் மெதுவாக.

“எதுக்குக் கிழிக்கணும்? அது உங்க பந்தியா, கர்த்தரோட பந்தியான்னு போதகரே சொல்லட்டும்” என்றாள் லில்லி.

ஷீலா எல்லார் பெயரையும் எழுதி, கடைசியில் தன் பெயரையும் சேர்த்தாள். உறையின் பசை ஒட்டவில்லை. முக்காட்டைத் தள்ளி, தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்து உறைமேல் அழுத்தி ஒட்டினாள். அதை மகாராணியின் கையில் கொடுத்து, “வெரசா தபால் பெட்டியில போட்டுரு ஆத்தா” என்றாள்.