அட்டைப்பெட்டியில் ராக்காயி

ஆட்டோ ஹார்ன் அலறியது. இளம் வயதிலேயே காலமான ராக்காயியின் தேயிலைத் தோட்ட லயத்துப் பாட்டுகள், புது சிடி பெட்டியாக ஹட்டன் கடையில் வந்து இறங்கின. காத்திருந்த ரசிகர்கள் இருவர்.

"அட்டை என்ன வடிவு!" என்றார் கஜதீபன் மாஸ்டர்.

கடைக்காரர் போட்டுக் காட்டினார். மூன்றாவது பாட்டில் சுதாகரனின் முகம் வாடியது.

"பழைய கேசட்டுல நடுவுல ஒரு புள்ள அழும். அந்தம்மா பாட்ட நிறுத்தி, 'இந்தா வாறேன்டா'ம்பாங்க. அதத் தூக்கிட்டாங்க சார்."

"அது இடைஞ்சல்தானே? இப்பதான் பாட்டு முழுசாக் கேக்குது. உமக்கு எதிலயும் ஒரு குறை" என்று சிரித்தார் மாஸ்டர்.

சுதாகரன் பெட்டியைத் திருப்பி வைத்தான்.

"பாட்டு ஊருக்கே பாடுனது சார். எங்கம்மா எனக்குன்னு சொன்னது அது ஒன்னுதான்."