வளையத்தின் முன்பக்கம்

"இனிமே செலக்டருங்க வந்தா நமக்கென்ன, வராட்டி நமக்கென்ன? கூட்டிட்டுப் போக வேண்டியவளத்தான் கூட்டிட்டுப் போறாங்களே!"

தனம் பந்தைத் தரையில் ஓங்கித் தட்டினாள். லாட்ஜ் வரவேற்பறையில் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே நிற்கிறவள். கோபத்தையெல்லாம் சேர்த்துவைத்து மைதானத்தில்தான் கொட்டுவாள்.

அணித் தலைவி வினோதினி ஷூ லேஸைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினாள்.

திருவண்ணாமலையில் பெண்கள் கூடைப்பந்து அணி ஒன்று இருப்பதே ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேருக்கு, அது தோற்கும் என்பது தெரியும். ஆட ஐந்து பேர் வேண்டும். பல வருஷங்களாக அவர்களிடம் இருந்ததே ஐந்து பேர்தான். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு ஆட்டமே கிடையாது. எதிரணி கைகுலுக்கிவிட்டு ஜெயித்துக்கொண்டு போய்விடும். இந்த அணியில் நூரைன் எப்படி வந்து மாட்டினாள் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அவள் எங்கிருந்து எறிந்தாலும் பந்து வளையத்துக்குள் விழும்.

மாவட்டப் போட்டியில் மட்டும் விழாது. சென்னையிலிருந்து தேர்வாளர்கள் வந்து உட்காரும் ஒரே ஆட்டம் அதுதான். வருஷா வருஷம் அன்றைக்குப் பார்த்து, அவள் எறியும் பந்து வளையத்தின் முன்பக்கத்தில் பட்டுத் திரும்பி வந்துவிடும். 'செலக்டர் ஜுரம்' என்று தனம் அதற்குப் பெயரே வைத்துவிட்டாள்.

இந்த வருஷம் ஜுரம் வரவில்லை. ஒரு பந்துகூடத் தவறவில்லை. தன் அணியில் ஆடச் சொல்லி, சென்னையில் ஒரு பெரிய கம்பெனி வேலையே கொடுத்துவிட்டது.

"அவ கை நடுக்கம் போகணும்னு நான் கிரிவலம் சுத்தினேன் தனம்," என்றாள் வினோதினி. "பௌர்ணமிக்குப் பௌர்ணமி, வெறுங்கால்ல. இப்ப நடுக்கம் போச்சு, கூடவே அவளும் போறா. நான் சிரிக்கிறதா, அழறதா?"

"சண்டை போடு. அதான் சரி. வர்றா பாரு."

தோளில் பையும் கையில் இனிப்புப் பெட்டியுமாக நூரைன் வந்தாள். நாளைக்குப் பௌர்ணமி. மைதானம் முழுக்க வெளியூர் பஸ்களும் வேன்களும் வந்து நின்றுவிடும், ஊருக்குள் நகரவே முடியாது. அதனால் இன்றைக்கே கிளம்புகிறாள்.

"அம்மா மக்கன் பேடா செஞ்சாங்க. ஆளுக்கு ரெண்டு. தனத்துக்கு மட்டும் நாலு."

தனம் கை நீட்டவில்லை. தின்பண்டத்தைப் பார்த்து அவள் சும்மா நின்றது அதுதான் முதல் தடவை.

வினோதினி எழுந்தாள். "ஒண்ணு மட்டும் சொல்லு நூரு. அத்தனை வருஷம் நாம தோத்தப்போ உள்ள போகாத பால், உனக்கு வேலைன்னதும் எப்படிடீ போச்சு?"

"வேலை வேணும்னு தோணிச்சு வினோ. அப்பாவால இப்ப கடையில நிக்க முடியல."

"இதுக்கு முன்னாடி தோணலையா?"

"அப்பவும் தோணிச்சு," என்றாள் நூரைன்.

"விடு வினோ. ஸ்டார் இல்ல? அவங்களுக்கு டீமாவது ஒண்ணாவது!" என்றாள் தனம்.

நூரைனின் முகம் சுருங்கிப்போனது. பெட்டியை பெஞ்சின் மேல் வைத்தாள். "ஏழு மணிக்கு பஸ். கலாக்காகிட்ட ரெண்டு நிமிஷம் பேசிட்டு அப்படியே கிளம்பறேன்."

வழியனுப்ப வருகிறேன் என்று இருவரில் யாரும் சொல்லவில்லை.

கலாக்கா என்கிற சந்திரகலா, மைதானத்தின் மறுகோடியில் தனியாக எறிந்து பழகிக்கொண்டிருந்தாள். அடி அண்ணாமலையில் கணவனோடு தேங்காய்க் கடை வைத்திருப்பவள். பள்ளியில் நன்றாக ஆடியவள் என்று கேள்விப்பட்டு, இந்த வருஷ மாவட்டப் போட்டிக்குக் கொஞ்சம் முன்னால்தான் நூரைன் அவளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தாள். அதிலிருந்து தினமும் காலையில் இருவரும் பயிற்சி. இப்போது சந்திரகலா எறிந்தாலும் பந்து உள்ளேதான் விழுகிறது. போகிறவளுக்கு எதற்கு இவ்வளவு அக்கறை என்று தனம் அதையும் குத்திக் காட்டியிருந்தாள்.

வினோதினி பெட்டியைத் திறந்து பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். என்னதான் கோபம் என்றாலும் ஒருத்தியை இப்படியா ஊருக்கு அனுப்புவது? மனசு கேட்கவில்லை. நூரைனின் வாயில் தன் கையாலேயே ஊட்டிவிடலாம் என்று ஒரு பேடாவை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அவர்கள் இருவரும் முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள். சந்திரகலா எறிந்தாள். பந்து வளையத்தின் முன்பக்கத்தில் பட்டுத் திரும்பி வந்தது.

"இப்ப சரியா?" என்று கேட்டாள் சந்திரகலா.

"சரிதான் க்கா. இன்னும் கொஞ்சம் கம்மியா தள்ளுங்க. முன்னாடி பட்டுத்தான் திரும்பணும். சைடுல விட்டீங்கன்னா, வேணும்னே தவற விடறது தெரிஞ்சிடும்."

வினோதினி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"எவ்ளோ நாளைக்கு இப்படி நூரைன்?"

"நான் போனா நீங்க சரியா அஞ்சு பேரு. உங்களையும் கொத்திட்டுப் போயிட்டா டீமே இருக்காது. நான் உங்களைப் புடிச்ச மாதிரி நீங்களும் இன்னொருத்தியைப் புடிக்கிற வரைக்கும், செலக்டருங்க முன்னாடி இப்படியே விடுங்க க்கா. ஆனா வினோகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பாவம், என் கை நடுக்கம் போகணும்னு கால் தேய மலையச் சுத்தினவ."