குடையை விட்ட நாள்

கணவர் இறந்துபோய் மூன்று மாதமாகியும் அவருடைய கம்ப்யூட்டர் திறக்கவில்லை. மகளின் சின்ன வயதுப் படங்களெல்லாம் அதற்குள்தான் இருந்தன.

"பாஸ்வேர்டு தெரியலேன்னா எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் விண்டோஸ் போடணும்க்கா," என்று சொல்லிவிட்டு, மெக்கானிக் வயர்களைச் சரிபார்க்கக் குனிந்தார்.

அவள் கல்யாணத் தேதியை அடித்தாள். தவறு. பாஸ்வேர்டுக்குக் கணவர் எழுதிவைத்த குறிப்பு கீழே வந்தது: 'நம்ம நாள்.'

அதையே மறுபடி அடித்தாள். 'அது ஊருக்கே தெரிஞ்ச நாள், அசடு. நீ பஸ்ஸில் குடையை விட்ட நாள்.'

அந்தத் தேதிக்குத் திறந்தது. படத்தில் பாப்பா பல்லில்லாமல் சிரித்தாள்.

"குறிப்பு மாறுமா தம்பி?"

"ஒருதடவை எழுதினா எழுதினதுதான்க்கா. மாறாது."

மெக்கானிக் கிளம்பியதும் திரையைப் பூட்டி, வேண்டுமென்றே தப்பாக அடித்தாள்.

'பார்த்தாச்சுல்ல? மணி மூணாச்சு. போய்ச் சாப்பிடு.'

கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றுதான்.

"உங்களுக்குக் கோடிப் புண்ணியம்ங்க," என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுக்கப் போனாள்.