வாய் படாத தண்ணீர்

பாலைவனத்தின் நடுவே கார் மணலில் புதைந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. கோடை விடுமுறைக்கு ஊர் சுற்றக் கிளம்பிய அஞ்சலையும் சுபத்ராவும் நான்கு வருடம் ஒரே விடுதி அறையில் படுத்தெழுந்தவர்கள். போனில் சிக்னல் இல்லை. வழியில் வந்த ஒட்டகக்காரர், பொழுது சாய டிராக்டரோடு வருவதாகச் சைகை காட்டிவிட்டுப் போனார். அஞ்சலையின் பாட்டிலில் கால்வாசித் தண்ணீர் மிச்சமிருந்தது. வாய் வைத்து இரண்டு மிடறு குடித்துவிட்டு நீட்டினாள்.

சுபத்ரா வாங்கி அண்ணாந்து ஊற்றினாள். தண்ணீர் ஒரு சாண் இறங்குவதற்குள் அனல்காற்று அதைத் தூக்கிக்கொண்டு போயிற்று. உதடுகூட நனையவில்லை. மணலில் விழுந்த ஈரம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது.

"வாய் வச்சுக் குடிடி."

"சின்ன வயசுப் பழக்கம்டி. வேற மாதிரி குடிக்க வரமாட்டேங்குது."

"பக்கத்து ரூம்ல உங்க ஆளு காயத்ரி பாட்டில்ல மட்டும் வாய் வச்சுக் குடிக்க வருதே, அது எப்படி?"

சுபத்ரா நாக்கால் உதட்டைத் தடவினாள். அவள் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. பழக்கம்தான், பழக்கம்தான் என்று நான்கு வருடம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை நினைத்து அஞ்சலைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சுற்றிலும் ஒரு காக்கைகூட இல்லை. ஆனாலும் தன் வீட்டுப் பெரியவர்கள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருப்பதைப்போல சுபத்ராவின் கழுத்து விறைத்திருந்தது.

இரண்டு விரல் தண்ணீர்தான் இருந்தது. அஞ்சலை கை நீட்டித் தடுக்கவில்லை. பாட்டில் மெல்ல சுபத்ராவின் உதட்டருகே வந்தது, நின்றது, பிறகு அண்ணாந்த வாய்க்கு மேலே ஏறத் தொடங்கியது.