முடித்தவர்

"பி.காம். முடித்தவர்னு எழுதியிருக்காங்க. தேறியவர்னு எழுதலையே," என்றார் மாணிக்கவாசகம்.

உஸ்மான் சாலையில் அவருடைய ஜவுளிக்கடைக்கு மேலேயே வீடு. ஈஸிசேரில் அவர், மடியில் தூத்துக்குடியிலிருந்து வந்த கடிதம். எதிரே ஸ்டூலில் மைத்துனன் அய்யாதுரை. வரன் கொண்டுவந்தவன் அவன்தான். சமையலறை வாசலில் கீரை ஆய்ந்தபடி மனைவி தங்கபுஷ்பம். ஜன்னலோரம் பேனாவும் தாளுமாக மகள் சண்முகவடிவு.

"ரெண்டும் ஒண்ணுதானே அத்தான்?"

"எப்படி ஒண்ணாகும்? பார்ட் ஒண்ணு தமிழ், பார்ட் ரெண்டு இங்கிலீஷ், பார்ட் மூணு காமர்ஸ். மூணும் தேறினாத்தான் பி.காம். எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தா 'அப்பியர்டு'. ஏதாவது ஒரு பார்ட் நின்னுபோச்சுன்னா 'முடித்தவர்'. மூணு வருஷம் பெஞ்சு தேய்ச்சதுக்கு மரியாதையா ஒரு பேரு."

"மாப்பிள்ளைப் பையன் ஜவஹர் சொந்தமா பிரஸ் வச்சு நாலு பேருக்கு வேலை குடுக்கான். அவன் பெஞ்சு தேய்ச்சா என்ன, நாற்காலி தேய்ச்சா என்ன?"

"தோத்தது தப்பில்ல. மறைச்சு எழுதினாங்க பாரு, அதுதான் தப்பு."

அய்யாதுரைக்குத் திக்கென்றது. ஏற்கெனவே இரண்டு வரன்களை அத்தான் இப்படித்தான் துருவித் துருவித் திருப்பியனுப்பியிருந்தார். காலையில் குழாயடியில் வடிவு சொல்லியிருந்தாள்: "கல்யாண வீட்டுல அவங்களைப் பாத்தேன் மாமா. எனக்குப் பிடிச்சிருக்கு. இதையாவது கலைய விட்டுராதீங்க."

"எழுதும்மா," என்றார் மாணிக்கவாசகம். "தேதி போடு, 12-6-74. 'அன்புடையீர், தங்கள் கடிதம் கிடைத்தது. தற்சமயம் பெண்ணுக்குக் கல்யாணம் செய்யும் உத்தேசம் இல்லை.'"

"மறைச்சு எழுதுறது தப்புன்னீங்க. இது என்ன அத்தான்?"

"இது நாகரிகம்."

வடிவு தலை நிமிராமல் எழுதி முடித்து, தாளை மடித்தாள். தங்கபுஷ்பம் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பழுப்பேறிய ஒரு தபால் கார்டைக் கொண்டுவந்து கணவர் மடியில் வைத்தாள்.

"ஒட்டுறதுக்கு முன்னால இதையும் ஒரு தடவை படிச்சிருங்க."

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"வடிவு, அதைக் கிழிச்சுப் போடு. வேற எழுது. 'எங்களுக்குச் சம்மதம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வரவும்.'"

அப்பா மனசு மாறுவதற்குள் வடிவு எழுதி, உறையிலிட்டு, சோற்றுப் பருக்கை தேய்த்து ஒட்டிவிட்டாள். நாலரை மணித் தபாலில் சேர்க்க அய்யாதுரை கடிதத்தோடு ஓடினான். படியில் பாதி இறங்கியவனுக்கு மனசு கேட்கவில்லை.

"அப்படி என்னக்கா இருந்துச்சு அந்தக் கார்டுல?"

மேல்படியில் நின்ற தங்கபுஷ்பம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இருபத்துமூணு வருஷத்துக்கு முந்தி, என்னைப் பொண்ணு கேட்டு எங்க மாமனார் நம்ம அப்பாவுக்குப் போட்டதுடா. 'மகன் பி.காம். முடித்தவன்'னு."