இரண்டு பக்கமும்

கத்தியின் விளிம்பில் கறுப்பு மார்க்கரை இழுத்து, மை காயும் வரை ஊதினார்.

கிளாம்பில் கத்தியைப் பூட்டினார். கம்பியில் கோத்திருந்த சாணைக்கல்லை அதன் மேல் ஒரே ஒரு தடவை இறக்கினார்.

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார்.

கல் உரசிய மேல்பகுதியில் மை அழிந்திருந்தது. விளிம்பை ஒட்டி அப்படியே இருந்தது. கோணம் போதவில்லை. திருகைத் திருகிக் கம்பியைக் கொஞ்சம் உயர்த்தினார். மறுபடி மை. மறுபடி ஒரு இழுப்பு.

இப்போது சரி.

மறுபக்கம் திருப்பினால் அங்கே வேறு கணக்கு. கிளாம்ப் ஒரு மயிரிழை சாய்த்துப் பிடித்திருந்தது. நேற்றைய காலண்டர் தாளைக் கிழித்து, மடித்து, கத்திக்கும் கிளாம்புக்கும் நடுவில் செருகினார்.

பம்ப் பட்டறையில் தரம் பார்க்கிற ஆள். சுமாராக ஒரு காரியம் செய்ய அவருக்கு வராது.

புதுக் கத்தி. கம்பெனியில் தீட்டி அனுப்பியதில் விளிம்போரச் சரிவு ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் நூலாகவும் இருந்தது. பழைய கத்தி அப்படி இருக்காது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். அவர் கையால் தீட்டியது.

பழைய கத்தி இப்போது வீட்டில் இல்லை. அதே மாதிரி பார்த்து வாங்கியது இது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தீட்டி முடித்து, தினத்தாளின் ஓரத்தில் வைத்து இழுத்தார். சத்தமே இல்லாமல் தாள் இரண்டாக விழுந்தது. மனைவி கோமளாவைக் கூப்பிட்டுக் காட்டினார். மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். மது சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை மது அந்தக் கத்தியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

கதவை உடைத்தவர் அவர்தான். பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.

இன்று வீட்டுக்கு வருகிறாள். கூட்டிவரக் கோமளா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். மாத்திரைகள் பீரோவுக்குள் போய்ச் சாவியும் ஒளிந்துவிட்டது. குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றியாயிற்று.

"கத்தி எல்லாத்தையும் எங்கியாச்சும் கொண்டு போயிப் போட்டுட்டு வந்துருங்," என்று கோமளா கிளம்பும்போதும் சொன்னாள்.

அவருக்கு மனசு வரவில்லை. அடுப்படியில் காலி ஸ்டாண்டைப் பார்த்தால் பிள்ளைக்கு என்ன தோன்றும்? எல்லாக் கத்தியும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். பார்வைக்குப் பழையபடி இருக்க வேண்டும். ஒன்றும் வெட்டக் கூடாது.

மழுக்குவதற்கு இவ்வளவு மெனக்கெட்ட மனிதன் ஊரில் வேறு யாரும் இருக்க மாட்டான். வாசல் படியில் நாலு தேய்ப்புத் தேய்த்தால் தீர்ந்தது வேலை. ஆனால் கீறல் தெரியும். மது கண்டுபிடித்துவிடுவாள்.

மற்ற கத்திகள் காலையிலேயே முடிந்துவிட்டன. இது ஒன்றுதான் பாக்கி.

இழுத்தார். துடைத்தார். பார்த்தார். திருப்பினார்.

கடைசியில் இரண்டு பக்கச் சரிவும் ஒரே அகலத்தில் வந்து நின்றன. பளபளவென்று இருந்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் யாரையாவது கூப்பிட்டிருப்பார்.

கிளாம்பைக் கழற்றினார். விளிம்பைக் கல்லின் மேல் செங்குத்தாக நிறுத்தி, பொறுமையாக இழுத்தார். இன்னொரு தடவை. இன்னும் ஒரு தடவை.

தினத்தாளை எடுத்து வைத்துப் பார்த்தார். தாள் கசங்கியது.

கட்டைவிரலை அழுத்தி இழுத்துப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தி இழுத்தார்.

ஒன்றும் ஆகவில்லை.

அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் ஆஸ்பத்திரியில் வராத அழுகை. சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கத்தியைக் கழுவி ஸ்டாண்டில் செருகினார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

மது முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அவரும் கோமளாவும் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு அவள் குடிப்பதைப் பார்த்தார்கள்.

பிறகு கோமளா தக்காளி அரிய அடுப்படிக்குப் போனாள். மதுவும் எழுந்து கூடவே போனாள்.

"நான் அரியறேம்மா."

கோமளா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையை அசைத்தார். கோமளா நகர்ந்துகொண்டாள்.

மது ஸ்டாண்டிலிருந்து அந்தக் கத்தியைத்தான் எடுத்தாள். தக்காளியின் மேல் வைத்து அழுத்தினாள். தோல் குழிந்தது. இன்னும் அழுத்தினாள். தக்காளி நசுங்கிச் சாறு வழிந்தது.

"மழுங்கிப் போச்சாட்டங் கண்ணு," என்றாள் கோமளா. "அப்பாவத் தீட்டித் தரச் சொல்லோணும்."

மது கத்தியைக் குழாயில் காட்டிக் கழுவினாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஒரு பக்கம் பார்த்தாள். திருப்பி மறுபக்கம் பார்த்தாள்.

அவர் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது வேற கத்திங்ப்பா," என்றாள். குரலில் கோபம் இல்லை. "பழசுல நுனிகிட்ட ஒரு பக்கம் கொஞ்சூண்டு அகலமா இருக்கும்."

அவருக்கு அது தெரியாது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை தீட்டியிருக்கிறார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்திருக்கிறார், கழற்றிவிட்டுப் பார்த்திருக்கிறார். அப்படி ஒன்று அவர் கண்ணில் பட்டதே இல்லை.

அது கண்ணில் பட வேண்டுமானால் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவ்வளவு நேரமும் அவர் குளியலறைக் கதவுக்கு இந்தப் பக்கம், ஹாலில், டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.